நட்டதா, முளைத்ததா?

4-6-72, ஞாயிறு

இவருடைய சித்தப்பா மகள் ராஜம்மாளுக்கு இன்று கல்யாணம். கரந்தையில் தெருவை அடைத்துப் பந்தல். வாசலில் வழக்கம்போல இரண்டு வாழை, பாக்குக் குலை, ஈச்சங்குலை. இவர் அதோடு விடுவாரா? நம் முற்றத்தில் அழகுக்காக வளர்க்கிற விசிறிப் பனை இந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்தது. ஏணி போட்டு ஏறி, நன்றாகப் பழுத்த இரண்டு குலைகளை வெட்டிக்கொண்டு போய் வாசலின் இரு பக்கமும் கட்டிவிட்டார். பச்சையும் நீலமும் கலந்த மணிகள். மாப்பிள்ளையைப் பார்த்தவர்களைவிடக் குலையைப் பார்த்தவர்கள் அதிகம்.

எல்லோரும் குத்துவிளக்கு, சுவர்க்கடிகாரம் என்று பரிசு வைக்க, இவர் மண்ணெண்ணெய் டின்னில் ஒரு பனங்கன்று வைத்தார். எந்தக் கல்யாணத்துக்கும் இதுதான். மின்சார ஆபீஸ் தலைமைக் கிளார்க் அய்யாவு என்றால் தஞ்சாவூரில் யாருக்கும் தெரியாது. பனங்கன்று அய்யாவு என்றால் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

20-6-72, செவ்வாய்

விவசாய இலாகா அப்துல் வஹாப் சார் நான் பாடம் நடத்துகிற கல்லூரிக்கே வந்துவிட்டார். புதாறு என்கிற கல்லணைக் கால்வாயின் இரண்டு கரையிலும் வரிசையாக விசிறிப் பனை நடத் திட்டமாம். முதல் கன்றை மந்திரி வந்து நடுவாராம்.

"பார்க்க அழகாத்தான் இருக்கும் மேடம். ஆகாயத்தாமரையும் அழகா இருக்குன்னுதானே கொண்டாந்தாங்க? இன்னைக்கு எந்த வாய்க்கால்ல ஒழுங்கா தண்ணி போகுது? இது களையாகுமா ஆகாதா, நீங்க தாவரவியல் ஆளு, பார்த்துச் சொல்லுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"களையா? எது, நம்ம மரமா?" ரசம்கூடப் போட்டுக்கொள்ளாமல் எழுந்துவிட்டார்.

21-6-72

இன்னும் பேசவில்லை. மரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினார்.

9-7-72, ஞாயிறு

சமாதானம் ஆகி, லாம்ப்ரெட்டாவில் அவரே கூட்டிக்கொண்டு போனார். திருவையாற்றுக்கு அப்பால், குடமுருட்டிக் கரையில் ஒரு ஊர். அங்கே மிராசுதார் ரெத்தினத்தின் பங்களா. எங்களுக்குக் கல்யாணமான வருஷம், கரண்ட் கொடுக்கும் வேலையாகப் போனபோது இவர் முதலில் விதை கேட்டு வாங்கியது இங்கேதான்; டின் கன்றுகளுக்கும் வருஷாவருஷம் இங்கிருந்துதான் விதை. நம் மரத்தின் தாய் மரம் பங்களா வாசலில் நிற்கிறது. என்ன உயரம்! ஓலை நுனியெல்லாம் நூல் பிரிந்து தொங்க, காற்றில் அது ஆடுகிறபோது களையாவது ஒன்றாவது என்று எனக்கே தோன்றியது.

ரெத்தினம் நல்ல மனிதர். காபி கொடுத்து, துண்டால் நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

"எங்கப்பா கண்டியிலேருந்து கொண்டாந்ததும்மா. இது தானா மொளைக்கிற சாதி இல்ல. தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான்னு சொல்லுவாங்கல்ல, எங்கப்பா வச்சுப் பார்த்துட்டுத்தான் போனாரு. எங்க வீட்டுக் கல்யாணம் எல்லாத்துக்கும் வாசல்ல இந்தக் குலைதான் தொங்கும்." பிறகு கையை நீட்டினார். "அந்தா, வாய்க்காலுக்கு அந்தண்டை நிக்கிறதும் அவரு வச்ச தோப்புதான். இப்ப குடிசைக்காரங்க அது எங்க குடியிருப்புங்கிறாங்க."

விஷயம் இப்போதுதான் புரிந்தது. புதுச் சட்டப்படி, கூலிக்காரர்கள் குடியிருக்கிற மனை அவர்களுக்கே சொந்தம். ஆனால் அது மிராசுதார் நட்டு வளர்த்த தோப்பு என்று ஆகிவிட்டால் பட்டா கிடையாது. தெருவே காலி செய்ய வேண்டியதுதான். தாசில்தார் விசாரணை ஐப்பசியில்.

அந்தக் குடிசைகள் இருக்கிற வாய்க்கால் தெருவுக்கும் போனேன். நடவு முடிந்து வந்த பொன்னுத்தாய், காலில் சேறு காயாமல் நின்றுகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் வீட்டு வாசலிலேயே ஒரு பனைக் கூட்டம்.

"பங்களாவுலேருந்து வர்றீங்க போலருக்கு?"

"நான் யார் பக்கமும் இல்லம்மா. மரத்தைப் பார்க்க வந்தேன்."

"பாத்துக்குங்க. மரத்துக்கெல்லாம் வந்து பாக்க ஆள் இருக்கு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஓலையில் வெட்டிய விசிறி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "வீசிக்குங்க டீச்சரம்மா, மூஞ்சி செவந்துபோச்சு."

மரங்கள் நிற்கிற இடம் மேடாக இருக்கிறதே என்று கேட்டேன்.

"பங்களா வீட்டு எச்ச எலை மேடு. விசேஷம்னா வண்டி கட்டிக் கொண்டாந்து கொட்டுவாங்க. நாங்க குடியிருக்கிற எடம்தானே, யாரு கேக்குறது? நான் வாக்கப்பட்டு வந்தப்ப இதெல்லாம் இடுப்பு ஒசரம். யாரும் நட்டு நான் பாக்கல. எங்க பேச்சை யாரு எடுத்துக்குவா?"

யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என் பேச்சை எடுத்துக்கொள்வார்கள். அதுதான் பயமாக இருக்கிறது. இந்தப் பனை நடாமல் முளைக்கும் என்றால் அவளுக்கு வீடு. முளைக்காது என்றால் இல்லை. அவளுக்காக முளைக்கும் என்று எழுத முடியுமா? முடியாது. கண்ணால் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டேன்.

2-8-72, புதன்

பழத்தை அண்டாத் தண்ணீரில் போட்டேன். மிதக்கிறது. வாய்க்காலில் விழுந்தால் கடைமடை வரை போகும். தோப்பில் வௌவால் தின்று துப்பிய கொட்டைகளைப் பார்த்தேன். கன்றை ஆட்டின் முன்னால் வைத்தோம், முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. இதெல்லாம் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். யாரும் நடாமல் கிடந்தபடி முளைத்ததை இன்னும் காணவில்லை.

இதில் எனக்கு உதவி யார் என்கிறீர்கள்? இவர்தான். ஆட்டை ஓட்டி வந்தது, அண்டா தூக்கியது எல்லாம். ஆடு தின்னாமல் போனதும், "பார்த்தியா, எவ்வளவு கெட்டியான மரம்!" என்று பூரித்துப் போனார். கெட்டியாக இருப்பதுதான் குற்றம் என்று நான் சொல்லவில்லை.

17-9-72, ஞாயிறு

பார்த்துவிட்டேன்.

ராஜம்மாள் புருஷன் வீட்டுக்குப் போகிற வழியில், வடவாற்றங்கரைக் குப்பை மேட்டோரம் செருப்பு அறுந்து நின்றேன். வைகாசியில் அவள் கல்யாணப் பந்தலைப் பிரித்து இங்கேதான் கொட்டியிருக்கிறார்கள். மக்கிப்போன வாழைத் தண்டு, தோரணக் கயிறு, இலைக் கட்டு. அதன் நடுவே பச்சை முளைகள், நாற்றங்கால் மாதிரி நெருக்கி. ஒன்றைப் பிடுங்கினேன். அடியில் கொட்டை. விசிறிப் பனை. இவர் ஏணி போட்டு வெட்டிய குலை!

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

வாசலில் குலை கட்டுகிறோம். கல்யாணம் முடிந்தால் குலையை யார் நினைக்கிறார்கள்? எச்சில் இலையோடு வண்டியேறிப் போகிறது. ரெத்தினம் வீட்டில் எத்தனை கல்யாணம்! எல்லாக் குலையும் எங்கே போயிருக்கும்? பொன்னுத்தாய் வாசலுக்கு. அதனால்தான் அந்த மரங்கள் வரிசையாக இல்லாமல், ஒரே குழியில் ஏழெட்டு ஒட்டிப் பிறந்ததுபோல் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. தோப்பு வைக்கிறவன் அப்படியா நடுவான்?

இந்த மரத்தைப் பரப்புகிறவர்கள் யார் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். தண்ணீர், வௌவால், பறவை. இனி கல்யாணக்காரர்களையும் சேர்க்க வேண்டும். முதல் பெயர் அய்யாவு.

18-9-72

சொன்னேன். முளையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நல்லா வந்திருக்கு," என்றார். என்ன செய்வது இந்த மனிதரை வைத்துக்கொண்டு.

20-10-72, வெள்ளி

கட்சி இரண்டாகிவிட்டது. எங்கும் ஊர்வலம், கல்வீச்சு, பஸ் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து வஹாப் சார் சைக்கிளில் வந்து சொன்னார்: வாய்க்கால் தெருவில் கூட்டம் போட்டு, விசாரணைக்கு முன்னால் பனை எல்லாவற்றையும் வெட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்களாம்.

லாம்ப்ரெட்டாவில் போனோம். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். இவர் "பனை பக்கம்" என்றார். அடி விழாமல் தப்பித்தது எந்தச் சாமி புண்ணியமோ.

போவதற்குள் பாதி மரம் சாய்ந்துவிட்டது. பொன்னுத்தாய் தன் வாசல் மரத்தடியில் அரிவாளோடு நின்றாள். ஓங்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. இவர் வண்டியைப் போட்டது போட்டபடி ஓடிப்போய் அந்த மரத்தைக் கட்டிக்கொண்டார். தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன் வெட்டுறீங்க? யாரு சொன்னது உங்களுக்கு?"

"மரம் நின்னாத்தானே டீச்சரம்மா அது அவரு வச்ச தோப்பு? மரமே இல்லன்னா எதைக் காட்டுவாரு?"

"ஐயோ, உங்க சாட்சியை நீங்களே வெட்டுறீங்களே! இது எப்படிக் கூட்டமா நிக்குது, குப்பை மேட்டுல நிக்குதுன்னு தாசில்தார் கண்ணால பார்க்க வேணாமா? வெட்டிட்டா தோப்பை அழிச்சிட்டாங்கன்னு உங்க மேலதான் கேஸ் வரும்!"

கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. பொன்னுத்தாய் கடைசியில் அரிவாளை இடுப்பில் செருகினாள்.

"எனக்கும் இதை வெட்ட மனசு வரலதான்," என்றாள். "இதுக்கு தினம் கழனித்தண்ணி ஊத்துறேன்."

6-11-72, திங்கள்

விசாரணை. பொன்னுத்தாய் வாசல் மரத்தடியிலேயே தாசில்தாருக்கு மேஜை போட்டார்கள். தெரு முழுக்கத் தரையில். ரெத்தினத்தைப் பார்த்து எல்லோரும் கும்பிட்டார்கள். முன்னெல்லாம்போல் "ஆண்டே" என்று யாரும் சொல்லவில்லை, "ஐயா" என்றார்கள். அவர் அதைக் கவனித்தார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வடவாற்று முளைகளைக் காட்டினேன். மரக் கூட்டத்தைக் காட்டினேன். பிறகு ரெத்தினத்தின் வக்கீல் எழுந்தார்.

"உங்க வீட்டு முற்றத்துல இந்த மரம் இருக்காம்மா?"

"இருக்கு."

"தானா முளைச்சதா?"

"இல்லை. என் வீட்டுக்காரர் நட்டது."

"தஞ்சாவூர்ல பாதி வீட்டுல இருக்கிறது உங்க வீட்டுக்காரர் டின்ல வளர்த்துக் கொடுத்த கன்னு. களைன்னா அதைக் கல்யாணப் பரிசா கொடுப்பாங்களா? ஊருக்குத்தான் உபதேசமா?"

சிரித்தார்கள். தெருக்காரர்களே சிரித்தார்கள். பொன்னுத்தாய் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் இருந்து இவர் குரல்.

"ஐயா, நான்தான் அந்த அய்யாவு. டின்ல வச்சு நான் பார்த்துப் பார்த்து வளர்த்ததுல பாதி செத்துப்போச்சுங்க. குப்பையில போட்டது அத்தனையும் மொளைச்சிருக்கு. வந்து பாருங்க. இதை நான் செல்லமா வளர்த்தேன், இல்லேன்னு சொல்லல. ஆனா களைதாங்க. ஊரெல்லாம் பரப்புனதும் நான்தான். என் சம்சாரம் சொல்றது சரி."

ஆபீஸில் மேலதிகாரி முன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர்.

தாசில்தார் ரெத்தினத்தின் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக் கல்யாணத்துல இந்தக் குலை கட்டுறதுண்டா?"

"உண்டு."

"பந்தல் குப்பையை எங்க கொட்டுவீங்க?"

அவர் மேட்டைப் பார்த்தார். வக்கீல் அவர் கையைத் தொட்டார்.

"இங்கதான்," என்றார் ரெத்தினம்.

"அப்ப இங்க ஆளுங்க குடியிருந்தாங்களா?"

"இருந்தாங்க."

நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்ல வராத மனிதர். போகும்போது இவர் தோளைத் தட்டி, "நல்ல விதையாப் பார்த்துத்தான் உனக்குக் கொடுத்தேன் அய்யாவு," என்றார். அதில் கோபம் இருந்ததா, தெரியவில்லை. பாவமாக இருந்தது.

7-11-72

கல்லூரியிலிருந்து வந்தால் முற்றத்தில் வெயில். மரம் இல்லை.

குலை பழுக்கும் முன்னால் வெட்டினால் போதும், மரத்தை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். "புதாத்தங்கரையில நடக்கூடாதுன்னு நீ எழுதப்போற. நம்ம வீட்டுல மட்டும் நிக்கலாமா, தையல்?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். லீவு போட்டு, ஆளை வைத்து வெட்டியிருக்கிறார்.

நான் அழுதேன். இவர் அழவில்லை. அழுதிருக்கலாம்.

5-12-72

புயல் மழை. அறிக்கை போய்விட்டது. களையாகும், ஆற்றங்கரை, வாய்க்கால் கரை எங்கும் நடக்கூடாது.

20-12-72

கரையில் புங்கன் நடப்போகிறார்களாம். தெரு விஷயம் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. இவர் வெறும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்கிறார்.

16-1-73, செவ்வாய். காணும் பொங்கல்

காலையில் வாசலில் பொன்னுத்தாய். புதுச் சேலை, தலைமேல் சாக்கு. கரும்பு, மஞ்சள் கொத்து, பரங்கிக்காய் என்று ஒவ்வொன்றாக இறக்கினாள். "வாம்மா, உள்ளே வா" என்றேன். வந்தாள். முற்றத்தில் அடிக்கட்டையைப் பார்த்தாள்.

"கேள்விப்பட்டேன்," என்றாள் இவரிடம். "எங்களுக்காக வெட்டிப்புட்டீங்களாமே. மனசே ஆறல. அதான்..."

சாக்கின் அடியிலிருந்து கடைசியாக ஒரு டின்னை எடுத்தாள். அதில் நாலு இலை விட்ட விசிறிப் பனங்கன்று.

களை என்று ஊரறிய எழுதிக்கொடுத்தவள் நான். களைதான் என்று ஊரறியச் சொன்னவர் இவர். இவர் என்னைப் பார்க்கிறார், கன்றைப் பார்க்கிறார், மறுபடி என்னைப் பார்க்கிறார்.

"தோப்புலேருந்து எடுத்ததாம்மா?" என்று கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"பட்டாதான் வந்திருச்சே, இனி தோப்பு ஏது டீச்சரம்மா?" என்றாள் பொன்னுத்தாய். "எங்க மண்ணுல மொளைச்சது."

எல்லோரும் பொங்கல் சாப்பிட்டோம். அவள் போன பிறகு இவர் டின்னைத் தொடவே இல்லை. மூலையில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் பேப்பர் படித்தார். காய்க்க இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. காய்க்கும்போது குலை வெட்ட ஏணியில் நானே ஏறுவேன்.

சாயங்காலம் தண்ணீர் ஊற்றினேன்.