பால்குடி மறக்கும் முன்

எனக்குப் பிரியப்பட்ட மைனிக்கு,

நீங்கள் போய் இரண்டாவது கிறிஸ்மஸும் வரப்போகிறது. இத்தனை நாளும் உங்களுக்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லை. எழுதினால் உங்கள் மகளைப் பற்றி எழுத வேண்டும். அதற்குப் பயந்துதான் கிடந்தேன்.

முதலில் ஊர்ச் செய்தி சொல்லுகிறேன். எல்லை போட்டாச்சு மைனி. விளவங்கோடு தமிழ்ப் பக்கம் போய்விட்டது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்திலேயே நின்றுபோயின. தமிழ் ஊர்களைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கிற எந்தக் காரியத்துக்காக அண்ணன் போலீசுக்குப் பயந்து ஓடி ஒளிந்தாரோ, உங்கள் அடக்கத்துக்குக்கூட வர முடியாமல் போனாரோ, அதில் ஒரு பங்கு கிடைத்தது. நம் வீடு இருக்கிற பங்கு கிடைக்கவில்லை. அண்ணனுக்கு இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் வேலை. எங்க வீட்டுக்காரருக்குத் தனுவச்சபுரம் பள்ளிக்கூடத்தில் வேலை என்பதால் நாங்கள் இங்கேதான்.

நாம் வாசித்த மத்தியானங்கள் நினைவிருக்கிறதா? சாலையில் போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டதும் மரச்சீனிக் கிழங்கு உரிக்கிற கை நின்றுவிடும். "பிள்ளே, மனசு அடங்குத பக்கம் ஏதாவது வாசி" என்பீர்கள். நீங்கள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழுக்காக ஜெயிலுக்குப் போக நிற்கிறவரின் மனைவிக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

கதையில் உங்களுக்குச் சண்டை வேண்டாம், கல்யாணம் வேண்டாம். மழை பெய்கிற பக்கம், யாரோ தனியாக ஜெபிக்கிற பக்கம், தோணியில் ஆறு கடக்கிற பக்கம் போதும். அதையெல்லாம் ஓரம் மடித்து வைப்பீர்கள். வாசகசாலைப் புத்தகத்தை மடிக்கலாமா என்று நான் சண்டைக்கு வந்தால், "எதுக்கு மூஞ்சிய தூக்குதே? அடுத்து எடுக்குதவளுக்கும் மனசுண்டுல்லா" என்பீர்கள்.

எனக்கு அந்தப் பக்கங்கள் போதவில்லை. காலேஜில் தத்துவம் படித்த திமிர். துறவிகள் எழுதியது, வெள்ளைக்கார ஞானிகள் எழுதியது, உபதேசியார் தந்த பக்தி நூல்கள் என்று ஒன்றையும் விடவில்லை. வெளிச்சம் என்று ஒன்றை ஏதாவது புத்தகத்தின் கடைசி அத்தியாயத்திலாவது வைத்திருப்பார்கள் என்று நம்பினேன். பிள்ளை தும்மினாலே உயிர் போய்விடும் என்று நடுங்குகிறவள் நான். எனக்கு அது வேண்டியிருந்தது.

அது கிடைத்தது மைனி. சொல்ல நாக்கு கூசுகிறது. நீங்கள் போன பிறகுதான் கிடைத்தது.

பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத உங்கள் மகளை, உங்களைக் கொண்டுபோன காய்ச்சல் கிடந்த வீட்டிலிருந்து தூக்கி வந்து பால் கொடுத்தேன். என் மகன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அவன் வளர்ந்து பால் மறந்தான். பிறகு அவள் மட்டும். அவள் குடிக்கும்போது முழங்காலில் புத்தகம் இருக்கும். அவள் மூச்சும் நான் வாசிக்கிற வரியும் சேர்ந்தே போகும். என் பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியாது. ஒரு நாள் எனக்குப் பட்டது, நான் தேடினது இதுதான் என்று. இவள் கிடக்க வேண்டிய மடி யாருடையது என்பதும் கூடவே பட்டது. அப்போதாவது புத்தகத்தை மூடியிருக்கலாம். மூடவில்லை. பக்கத்தைப் புரட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அண்ணன் வந்தார். இடையில் எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி, அவளுக்கு அந்த முகம் பதியவே இல்லை.

"பிள்ளைய கொண்டுபோவலாம்ணு வந்தேன்" என்றார்.

அவள் என் சேலைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, "அம்மே, அது ஆரு?" என்றாள்.

அண்ணன் முகம் செத்துப்போனது. அம்மை இல்லை மோளே, நான் உனக்க மாமி, அப்பாக்க தங்கச்சியாக்கும், அதுதான் உனக்க அப்பா என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அதற்குப் பதிலாக உபதேசம் பண்ணினேன். "அண்ணா, பற்றுதான் துக்கத்துக்கு வேருன்னு பெரிய பெரிய ஞானிகள் எழுதியிருக்காவ. அவ எங்க வளந்தா என்ன?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"கொள்ளாம் மக்கா, நல்ல உபதேசம். பற்று கூடாதுன்னா நீ விடு. நான் என்னத்துக்கு விடணும்?"

உள்ளே எங்க வீட்டுக்காரர் இருமுவதுபோல் சிரிப்பை விழுங்கினார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

அண்ணன் கை நீட்டினார். அவள் வீறிட்டாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார். "செரி, பால்குடி மறக்கட்டும். பொறவு வாறேன்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

அன்றைக்கே அடுத்த வீட்டு பாக்கியம் அக்கா சென்னிநாயகம் கொண்டு தந்தாள். முலையில் தேய்த்துப் பிள்ளைக்குப் பாலை வெறுக்க வைக்கிற அந்தக் கறுத்த கசப்பு. "இத நனச்சுத் தேச்சா தீந்து. ரெண்டு நாள் அழுது கரைவா, மூணாம் நாள் கஞ்சி கேப்பா. அவளுக்கு ஒண்ணும் இல்ல. உன்ன நெனச்சாக்கும் எனக்குப் பயம்" என்றாள்.

இன்னும் தேய்க்கவில்லை. ஒரு நாள் மழை. ஒரு நாள் அவளுக்குச் சளி. ஒரு நாள், இந்த அத்தியாயம் முடியட்டும் என்று. அவள் மீனும் மரச்சீனியும் தின்கிறாள் மைனி, வாய் நிறையப் பல் இருக்கிறது. பால் அவளுக்கு வேண்டாம். எனக்குத்தான் வேண்டும்.

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஒருத்தியின் சாவிலிருந்து இன்னொருத்திக்குச் சமாதானம் வரலாமா? வந்தால் அது வெளிச்சமா, களவா? நான் வாசித்த எந்த ஞானியும் இதைப் பற்றி எழுதவில்லை. அவர்கள் யாரும் பால் கொடுத்தவர்கள் இல்லை.

இதை வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். நாலு பேர் வாசித்துவிட்டால் எனக்குப் பின்வாங்க வழி இருக்காது. அண்ணனும் வாசிக்கட்டும்.

வருகிற திங்கட்கிழமை காலையில் தேய்க்கிறேன் மைனி. அவள் வாயை வைத்துவிட்டு, நீயா இப்படிச் செய்தாய் என்று என்னை நிமிர்ந்து பார்ப்பாள். அப்போது நான் புத்தகத்துக்குள் போய் ஒளிய மாட்டேன். அவள் அழுது தீருகிறவரை ஒரு வரி வாசிக்க மாட்டேன். அந்த அழுகை முழுவதும் எனக்குக் கேட்க வேண்டும். கஞ்சி கேட்கிற அன்றைக்கு உங்கள் பெயரை அவள் வாயில் சொல்ல வைத்து, அண்ணனுக்கு ஆள் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளுக்கு மாமி,
எஸ்தர்