மேல்புறம் வெட்ட வேண்டிய வாய்க்கால்

அம்மா,

நீ எழுத்துக்கூட்டிப் படிப்பாய் என்று பெரிதாக எழுதுகிறேன். நீ பைகுல்லா மார்க்கெட்டிலிருந்து திரும்புவதற்குள் நான் ரயில் பிடித்தாக வேண்டும். சாவி பக்கத்து வீட்டு ஆபிதா அக்காவிடம் இருக்கிறது. மீன்குழம்பைச் சுடவைத்துவிட்டேன். பிச்சம்மாள் அத்தை வந்து கேட்டால், காலேஜ் வேலையாகப் போயிருக்கிறாள் என்று சொல்.

"ஏட்டி, பி.எஸ்ஸி படிச்சது மண்ணு சொமக்கவா?" என்று கேட்டாயே, அதற்கு இதுதான் பதில். போன வருஷம் எல்லோரும் கூலியில்லாமல் மண் சுமந்த சிரமதானத்தில், போரிவலிக் காட்டிலிருந்து உப்பங்கழிக்கு இறங்கும் பாதையைச் சரிசெய்தோம். மழைத்தண்ணீருக்கான வாய்க்காலைப் பாதையின் மேல்புறம் வெட்டியிருக்க வேண்டும். நான் கீழ்ப்புறம் வெட்டச் சொன்னேன். படித்த பெண் சொல்கிறாள் என்று யாரும் மறுக்கவில்லை. இந்த மழையில் படிகள் அரித்துப்போய், புல்லுக்கட்டோடு வந்த மராத்திக்காரி ஜானிபாய் விழுந்து கால் ஒடிந்துவிட்டது.

இன்று வாய்க்காலை மாற்றி வெட்டுவோம். அவள் கால் அப்படியேதான் இருக்கும்.

போன ஞாயிறு அவள் குடிசைக்குப் போனேன். படுத்தபடியே மகளைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். குடித்துவிட்டு, கீழ்ப்புறம் வெட்டச் சொன்னது நான்தான் என்று சொல்லாமலே வந்துவிட்டேன்.

ஆவுடை

இடம் இல்லை, எழுத்து சிறிதாகிவிட்டது. மராத்தி எனக்குத் தெரியாததில்லை, வாய்தான் திறக்கவில்லை. நீ காய் விற்கிற இடத்தில் எல்லோரிடமும் பேசுகிறாயே. அடுத்த ஞாயிறு என்னோடு அவள் வீட்டுக்கு வா அம்மா. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு வந்தாலும் சரி.