இரண்டு வாய் உள்ள ஆறு

மூதூர்
11.02.2024

அன்பு நிஷாந்தினி,

இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டுவிட்டது. மஹய்யாவையில் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் எப்படி? இவ்வளவு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பள்ளிப் புவியியல் துணைநூல் வேலை உன்னை விழுங்கிவிட்டது என்று நினைத்து மன்னிக்கிறேன்.

நீ கேட்ட மகாவலிக் கழிமுக அத்தியாயம் இதோடு வருகிறது. படத்தைக் கையால் வரைந்தேன், அதனால்தான் தபால். கட்டுகஸ்தோட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்த ஆற்றைத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கலியாணம் முடித்து இங்கே வந்த பிறகுதான் தெரியாதது எவ்வளவு என்று புரிந்தது. கடலைச் சேருமுன்னே அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடக்கே வந்து எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மற்றது வெருகல் ஆறு என்ற பெயரோடு கிழக்கே போய்த் தனியாகக் கடலைச் சேர்கிறது. வாயும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கடல் மணலைக் கொண்டுவந்து போடும், வெள்ளம் வந்து உடைக்கும்.

என் கணவர் இப்ஹாம் தோணி பிடித்துக் கூட்டிப்போனார். மேல்தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன், நல்ல தண்ணீர். போத்தலைக் கயிற்றில் கட்டி அடியில் இறக்கி எடுத்தேன், உப்பு! "ஆத்தக் குடிச்சே முடிச்சிருவீங்க போல" என்று சிரிக்கிறார்.

பழைய நூலில் ‘மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலில் கலக்கிறது’ என்று ஒரே வரி. வெருகலில் இருந்து வந்து இங்கே மாமி வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளை ஒருத்தி அதை வாசித்துவிட்டு, "அப்ப எங்கட ஊர்ல ஓடுறது என்ன டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒரு சொல்லையும் வெட்டாமல் போடு.

உன்
சுமைரா

மஹய்யாவ, கண்டி
03.03.2024

சுமைரா,

நீ நல்லா இருக்கணும். அத்தியாயத்தை வாசித்துவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன், வாயெல்லாம் உப்புக் கரித்தது போல இருந்தது. அவ்வளவு நல்லா எழுதியிருக்கிறாய்.

ஆனால் எங்கள் குழுத் தலைவர் இராமையா சார் ஒத்துக்கொள்ளவில்லை. "புள்ளைகளக் கொழப்பாதீங்கம்மா. பரீட்சையில ஒரு கேள்விக்கு ஒரு விடைதான்" என்கிறார். பழைய வரியை வைத்துவிட்டு, உன் படத்தை மட்டும் சின்னதாகப் போடலாமாம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். புத்தகம் வெளிவந்தால் போதும், அடுத்த பதிப்பில் திருத்தலாம் என்று எனக்கும் தோன்றுகிறது. கோவிக்காதே. சரியென்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
நிஷாந்தினி

மூதூர்
12.03.2024

நிஷாந்தினி,

என் பெயரை எடுத்துவிடு. படத்தையும் எடுத்துவிடு.

அந்தப் பழைய வரி பொய் என்று நான் சொல்லவில்லை. அது பாதி. பாதியை மட்டும் அச்சடித்தால், மறுபாதியில் வாழ்கிறவர்கள் எங்கே போவது? நீயும் நானும் ஒன்றாகப் புவியியல் படித்தவர்கள். வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சுமைரா

மஹய்யாவ, கண்டி
07.04.2024

என் சுமைராவுக்கு,

உன் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நேற்றுக் குழுக் கூட்டம். கடைசிப் பக்கங்களில் கையெழுத்து வைக்கும் நாள்.

கழிமுகப் பக்கம் வந்ததும் பேனையை மூடி வைத்துவிட்டேன்.

"என்னம்மா?" என்றார் இராமையா சார்.

"இதுல நான் கையெழுத்து வைக்கலீங்க சார். சுமைரா பேரை எடுக்கிறதா இருந்தா என் பேரையும் எடுத்துருங்க."

"ஒரு வரிக்காகவா?"

"ஒரு வரிதான் சார். ஆனா ஆறு பரீட்சை எழுதப் போறதில்லையே. அது போற வழியிலதான் போகும்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, அவங்க எழுதினத வாசிங்க. நான் முழுசா வாசிக்கல" என்றார். எழுந்து நின்று வாசித்தேன். மணல் அடைவதை, வெள்ளம் உடைப்பதை, அடியில் ஏறும் உப்பை, எல்லாம். முடித்ததும், "போய்ப் பாத்த மாதிரியே இருக்கு. போடுங்க. ஆனா பரீட்சைக் கேள்விய நீங்களே எழுதிக் குடுக்கணும்" என்றார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன்: ‘மகாவலி எந்தெந்த இடங்களில் கடலை அடைகிறது? படம் வரைந்து விளக்குக.’

சுமைரா, உன் அத்தியாயம் ஒரு சொல் குறையாமல் அச்சுக்குப் போய்விட்டது. படம் முழுப் பக்கம். கீழே உன் பெயர்.

இன்று காலை பஸ் ஏறிக் கட்டுகஸ்தோட்டைக்குப் போய் உன் உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "நம்ம வீட்டுக்குப் பின்னால ஓடுற இந்த ஆறா புள்ள அங்க போய் ரெண்டா பிரியுது?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். பேக்கரி, மருந்துக்கடை, தையல் கடை ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் பாலத்துப் பக்கம் கையைக் காட்டி, "இந்த ஆறு கடல்ல எங்க போய்ச் சேருதெண்டு தெரியுமா? எண்ட மகள்ட்ட கேளுங்க" என்றார்.

உன்
நிஷாந்தினி