கல்வெட்டில் இல்லாத அண்ணைக்கு

என் ஆசைக் கோபக்கார அண்ணை,

இந்தக் கிழமைச் செய்தி இரண்டுமே உங்களுக்குப் பிடிக்காது. செவ்வாய்க்கிழமை அமெரிக்கத் தேர்தலில் உங்கள் எதிரி திரும்பவும் வென்றுவிட்டார். ஈராக்கில் குண்டு போட்ட அதே மனிசன்தான். சனிக்கிழமை உங்கள் அமெரிக்க ஃபுட்போல் அணியும் வழக்கம்போலத் தோற்றுப்போனது. செத்தும் நீங்கள் தப்பவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் யார் யாருக்கு என்னென்ன பேச்சு விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் உங்கள் சோபாவில் இருந்து நானே பேசினேன். போர் சரியா பிழையா என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்லத் தெரியாத மற்றக் கட்சிக்காரரையும் பேசினேன், வாக்கை அள்ளிப் போட்ட சனத்தையும் பேசினேன். அண்ணி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனா. உங்கள் குரல் கேட்கிறது என்று நினைத்தாவோ என்னவோ.

மொன்றியலில் எல்லோரும் ஹொக்கி பார்க்க, உங்களுக்கு மட்டும் ஏன் அண்ணை அந்த விசர்? கிழமை முழுக்க டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டம் அடுக்கிவிட்டு, சனிக்கிழமை மூலை டெப்பனர் கடையில் ஒரு பை சிப்ஸ் வாங்கிக்கொண்டு வந்து, அமெரிக்கக் கல்லூரிப் பெடியள் முட்டி மோதுவதைப் பார்ப்பீர்கள். அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஒரு சோத்து மாட்டு அணி. ஏன் அதைப் பிடித்தீர்கள் என்று அண்ணி கேட்டால், "உனக்கு விளங்காது" என்பீர்கள்.

நான்கு முயற்சிக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். மூன்று பிழைத்துவிட்டால், நான்காவதில் பந்தை எதிரிக்கே உதைத்துக் கொடுத்துவிட்டுப் பின்வாங்குவார்கள். அதைக் கண்டால்தான் உங்களுக்குக் கண் சிவக்கும். "உதைச்சுக் குடுக்கிறாங்கள், பயந்தாங்கொள்ளியள்" என்று டீவிக்கு முன்னால் எழும்பி நிற்பீர்கள். அரசியல்வாதிக்கும் உங்களிடம் இருந்த வசவு அது ஒன்றுதான்.

நேற்றுச் சின்னண்ணை வந்திருந்தார். நியூயோர்க் பக்கத்து அந்தச் சின்ன ஊரில் இருந்து, அதே காரில், அதே ஸ்டிக்கரோடு. போர் தொடங்கின வருடம் அவர் பம்பரில் அந்த ஜனாதிபதியின் பெயரை ஒட்டிக்கொண்டு வந்து இறங்கினது நினைவிருக்கிறதா? நீங்கள் சென்ட் லோரன்ட் வீட்டு வாசலிலேயே மறித்தீர்கள்.

"அதை உரிச்சுப்போட்டு உள்ள வா, தம்பி."

"எனக்குப் பாஸ்போட் தந்த நாடு அண்ணை. அது சண்டைக்குப் போகேக்க நான் எதிர்த்து நிக்கேலாது."

"ஊரில செல்லடிக்குப் பயந்து பங்கருக்குள்ள கிடந்தனாங்கள். இப்ப செல் அடிக்கிறவனுக்குக் கை தட்டுறியோ?"

அவர் காரைத் திருப்பிக்கொண்டு போனவர்தான். பிறகு உங்கள் சவப்பெட்டியடிக்குத்தான் வந்தார்.

நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள். கோயில் மண்டபத்தில் ஐயர் கிரியை முடித்ததும் கல்வெட்டு கொடுத்தார்கள். உங்கள் படம் போட்டு, புகழ்ந்து பாட்டெழுதி, வழவழப்பான தாளில் அடித்த புத்தகம். சின்னண்ணை தன் செலவில் தானே எழுதுவித்துக் கொண்டுவந்தார், எங்கள் ஒருவருக்கும் காட்டவில்லை. அதில் நீங்கள் "சினமறியாச் செம்மல்". அரசியலில் நாட்டமில்லாதவர். உடன்பிறந்த தம்பியோடு ஒருநாளும் பிணங்காதவர். படத்தில் பட்டுச் சால்வையும் போட்டு, சிரிக்கவும் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவர் என்னிடம், "ஆர் பிள்ளை இவர்?" என்று கேட்காததுதான் குறை.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உங்களிடம் இருந்த சொத்து அந்தக் கோபம் ஒன்றுதான். பயந்து ஓடி வந்தவன் பயந்தவனாகவே இருக்கத் தேவையில்லை என்று எனக்குக் காட்டினது அதுதான். அதையும் பிடுங்கிவிட்டால் எரித்ததற்கு மேல் உங்களில் என்ன மிஞ்சும்?

சின்னண்ணை மைக்கைப் பிடித்து அந்தப் பாட்டை வாசித்தார். பிணங்காதவர் என்ற இடம் வந்ததும் நான் எழும்பினேன். அண்ணி என் சேலைத் தலைப்பைப் பிடித்தா.

"விடு பிள்ளை. சபையில வேண்டாம். பேந்து வீட்டில கதைப்பம்."

அதுதான் அண்ணை, உதைத்துக் கொடுக்கிற இடம். நான் கொடுக்கவில்லை. நடந்து போய் மைக்கை வாங்கினேன்.

"என்ர அண்ணைக்குச் சரியான கோபம் வரும். அமெரிக்காக்காரன் குண்டு போட்டது பிழை எண்டு சொன்னவர். சின்னண்ணை போட்டது சரி எண்டவர். அதால ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை. கதைக்காமலே அண்ணை போயிட்டார். இந்தப் புத்தகத்தில இருக்கிறவரை எனக்குத் தெரியாது."

பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். வடை நல்லாயிருந்தது என்று சொன்னார்கள்.

கார் நிறுத்துகிற இடத்தில் சின்னண்ணை என்னை மறித்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணை என்னைப் பற்றி ஏதும் கேட்டவரோ?"

"இல்லை. ஒருக்காலும் கேக்கேல்லை."

பொய் இல்லையே அண்ணை. வாயைத் திறந்து நீங்கள் கேட்டதில்லைத்தானே. அவர் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார். தெரு முனைவரை அந்த ஸ்டிக்கர்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சோத்து மாட்டு அணி எந்த ஊர் அணி என்று அண்ணிக்குத் தெரியாது. எனக்கு முதல் சனிக்கிழமையே தெரியும். ஆட்டம் தொடங்க முன்னம் மைதானத்துக்கு வெளியே அந்த ஊர்த் தெருக்களைக் காட்டுவார்கள். அப்போது மட்டும் நீங்கள் சிப்ஸ் சப்புவதை நிறுத்திவிட்டு, முன்னுக்குக் குனிந்து, ரோட்டில் போகிற கார்களைப் பார்ப்பீர்கள்.

இதைச் சின்னண்ணைக்கு நான் சொல்லவில்லை. இந்தக் கடிதம் வருகிற பத்திரிகை அவருடைய ஊரில் கிடைக்காது. யாராவது போனில் வாசித்துக் காட்டினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

என் வாயால் சொல்வதென்றால், உங்கள் நிபந்தனைதான் என் நிபந்தனையும். பம்பரில் இருக்கிறதை உரித்துவிட்டு அவர் நம் வாசலுக்கு வரட்டும். அன்றைக்கு அவரை உங்கள் சோபாவில் இருத்தி, டீவியைப் போட்டு, "உங்கட ஊரைத்தான் அண்ணை தேடினவர்" என்று சொல்வேன். அதுவரை உங்களுக்காக அந்தக் கார்களை நான் பார்த்துக்கொண்டிருப்பேன், இது சத்தியம்.

உங்கள் ரிமோட்டையும் வாயையும் முதுசமாகப் பெற்ற,
தங்கச்சி வசந்தி