அமுக்கினால் என்ன நடக்கும்?

செப்டெம்பர் 9, திங்கள்

இன்றைக்கு முழுக்கப் பச்சை. ஒரு லோகோவுக்கு நான் போட்ட பச்சை நிறம் ஹபீஸ் நானாவுக்குப் பிடிக்கவில்லை, "செத்த பச்சையா இருக்கு புள்ள" என்றார். வேறு நாலு பச்சை செய்து காட்டினேன். அலுத்துப்போய்க் கடைசியில் முதல் பச்சையையே திரும்பக் காட்டினேன். "ஆ, இதுதான்! இத முந்தியே காட்டியிருக்கலாமே!" மேசையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் எங்கள் கம்பெனி. ஹபீஸ் நானா முதலாளி, ஷிபான் கோட் எழுதுகிறவன், நான் டிசைனர். சேர்ந்து ஒரு மாசம். ஊரில் அப்பா எல்லோரிடமும் "புள்ள பதுளையில கம்பியூட்டர்ல படம் கீறுது" என்று சொல்லி வைத்திருக்கிறார். ஹபீஸ் நானாவின் எண்ணமும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு ஆள் போனைக் கையில் எடுத்தால் எங்கே தடுமாறுகிறார், ஏன் தடுமாறுகிறார் என்று பார்ப்பதுதான் என் வேலை நானா, என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. "சரி சரி, லோகோவைக் கொஞ்சம் பெருசாக்குங்க" என்கிறார்.

செப்டெம்பர் 12, வியாழன்

கொழும்பிலிருந்து நிலூஷா மேடம் வந்தார். வேலை கொடுத்த நிறுவனத்தின் ஆள். மண்சரிவு அபாயம் உள்ள தோட்டங்களுக்கு ஒரு ஆப். சுவரில் வெடிப்பு, நிலத்தில் பிளவு, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வருவது, இப்படி எதையாவது கண்டால் போனில் அமுக்க வேண்டும். இங்கே கம்பியூட்டர் மெப்பில் சிவப்புப் புள்ளி விழும். ஆட்கள் போய்ப் பார்ப்பார்கள்.

நல்ல யோசனைதான். ஆனால் தமிழ்ப் பகுதியை மெஷினில் போட்டு மொழிபெயர்த்துக் கொண்டு வந்திருக்கிறார். "நிலச் சறுக்கல் உங்களைச் சந்தித்ததா?" என்று இருக்கிறது. யார் வீட்டுக்கு வந்து சந்திக்குமாம்! எல்லாவற்றையும் நான் திரும்ப எழுத வேண்டும். அதற்குத் தனியாக நேரம் கிடையாதாம்.

முதலில் செய்து பார்க்கப்போகும் தோட்டங்களின் லிஸ்டில் மடுல்சீமைப் பக்கம் எங்கள் தோட்டப் பிரிவும் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா அறை என்று வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்துக்குப் பின்னால் மலை செங்குத்தாக நிற்கிறது. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் நான் தூங்குவதில்லை. அப்பாவும் அம்மாவும் அங்கே நன்றாகத் தூங்குகிறார்கள்.

செப்டெம்பர் 15, ஞாயிறு

லயத்தில் டெஸ்ட். பஸ்ஸரைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், அங்கிருந்து மடுல்சீமை பஸ், பிறகு நடை.

ஒவ்வொருவர் கையிலும் போனைக் கொடுத்து, தடுமாறினால் தடுமாறட்டும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்கிறார். எது நல்லா இருக்கு பெரியம்மா? "எல்லாந்தான். நீ செஞ்சதாச்சே!" இன்னொருவர் மூன்றாவது பக்கத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் முழிக்கிறார். கேட்டால், "ஒண்ணும் கஷ்டம் இல்லீங்க." என்னைப் போய் "இல்லீங்க"! என்னைத் தூக்கி வளர்த்த ஆள்! ஆபீஸ் பை ஒன்று தோளில் தொங்கினால் நான் வேறு ஆளாகிவிடுகிறேனா?

திட்டுங்கய்யா, திட்டினால்தானே சரி பண்ணலாம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தேத்தண்ணி கொடுத்தார்.

செப்டெம்பர் 18, புதன்

வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துச் சொல்லும் பட்டன் போட்டாயிற்று. குரல் என்னுடையது. ஷிபான் கேட்டுவிட்டு, "ஸ்கூல்ல டீச்சர் ஏசுற மாதிரி இருக்கு ஜினி" என்றான். மூன்று தரம் திரும்பப் பேசிப் பதிந்தேன். மூன்றிலும் ஏசுகிறேன்.

செப்டெம்பர் 30, திங்கள்

ஆப் ஊருக்குப் போய்ப் பத்து நாள். நிலூஷா மேடம் போனில் ஒரே சந்தோஷம். "ஜினி, ஒரு வெடிப்புகூட இல்ல! மெப் முழுக்கப் பச்சை!"

"உங்கள் வீட்டில் வெடிப்பு உண்டா?" என்ற கேள்விக்கு எங்கள் பிரிவில் பதில் சொன்ன அத்தனை பேரும் "இல்லை". அத்தனை பேரும்! அந்த லயங்கள் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டினவை. வெடிப்பு இல்லாத சுவர் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

எங்கோ என் டிசைன்தான் பிழை.

ஒக்டோபர் 3, வியாழன்

"ஆம்" பட்டனைப் பெரிதாக்கினேன். இடம் மாற்றினேன். நிறம் மாற்றினேன். வெடித்த சுவரின் படம் போட்டேன். ஷிபான் பாவம், நான் சொல்லச் சொல்ல மாற்றி மாற்றி எழுதிக் களைத்துப்போனான். "பட்டன் தானா விரலுக்குள்ள பாய்ஞ்சாத்தான் உண்டு, அதுக்கு மேல நான் என்ன செய்ய?" என்கிறான்.

இன்றைக்கும் எல்லாம் "இல்லை".

ஒக்டோபர் 6, ஞாயிறு

கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் போனேன். அம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு இன்னும் மூன்று கிழமைக்கு மேல் இருக்கிறது, என்ன அவசரம் என்றேன். "மழைக்கு முந்தி அடிக்கணும்ல." அலுமாரி இடம் மாறி, மலைப்பக்கச் சுவரோடு ஒட்டி நின்றது. எதற்கு? இழுத்துப் பார்த்தேன்.

மேலிருந்து தரை வரைக்கும் வெடிப்பு. மண் குழைத்து அடைத்திருக்கிறார்கள், அடைத்த மண்ணும் பிளந்திருக்கிறது. என் விரல்கள் உள்ளே போகின்றன.

"அப்பா, இது என்னா? இல்லைன்னு அமுக்கினது யாரு?"

"நான்தான்." ஏதோ பீடி பற்றவைத்த மாதிரி சொல்கிறார். "ஆமான்னு அமுக்கிட்டு எங்க போறது? நாங்க என்ன, பொன்னையாவா?"

பொன்னையா மாமா மேல் லயத்தில் இருந்தவர். மூன்று வருசத்துக்கு முன்னால் சுவர் வெடித்திருக்கிறது என்று உண்மையைச் சொன்னார். கதவில் நோட்டீஸ் ஒட்டி, குடும்பத்தைப் புள்ளமடுவத்துக்கு மாற்றினார்கள். தேயிலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் அந்தக் கொட்டிலில் இரண்டு மழைக்காலம் கிடந்தார்கள். திரும்பி வந்தால் காம்பராவில் வேறு குடும்பம். பின்னால் போட்டிருந்த மரக்கறித் தோட்டமும் போச்சு. இப்போது தகரக் கொட்டகையில் இருக்கிறார். நமக்கு வீட்டு உறுதியா இருக்கு, நிலப் பத்திரமா இருக்கு? வீட்டை விட்டு இறங்கினால் இறங்கினதுதான்.

"செவுரு விழுந்தா?"

"விழறப்போ பாத்துக்கலாம்."

கத்தினேன். அம்மா அழுதார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். லயமே கேட்டிருக்கும், கேட்கட்டும். ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு அலுமாரி இடம் மாறித்தான் இருக்கும்.

ஒக்டோபர் 7, திங்கள்

பட்டனில் ஒரு பிழையும் இல்லை. எல்லோருக்கும் நன்றாக விளங்கியிருக்கிறது. விளங்கினதால்தான் "இல்லை".

ஆளை எவ்வளவு நல்லாக் கேள்வி கேட்கலாம் என்று நாட்கணக்காக மண்டையை உடைத்தேன். அவர்களிடம் ஒரு கேள்வி இருந்ததே: அமுக்கினால் எங்களுக்கு என்ன நடக்கும்? அதற்கு என் ஆப்பில் ஒரு வரி உண்டா? "நன்றி! உங்கள் தகவல் கிடைத்தது." பூப் படத்தோடு. தூ!

நிலூஷா மேடத்துக்குப் போன் எடுத்தேன். வெடிப்பு என்று சொல்கிறவர்களை எங்கே தங்கவைப்பீர்கள்? காம்பரா அவர்களுக்கே திரும்பக் கிடைக்குமா? "அது எங்க புரொஜெக்ட்ல இல்ல ஜினி. அது தோட்டம், அரசாங்கம்." அப்படியென்றால் யாரிடம் கேட்பது? "நீங்க டிசைனப் பாருங்க."

ஒக்டோபர் 9, புதன்

தோட்ட ஆபீஸுக்கு எடுத்தேன், மாவட்ட அரசாங்க ஆபீஸான கச்சேரியைக் கேட்கச் சொன்னார்கள். கச்சேரிக்கு எடுத்தேன், தோட்டத்தைக் கேட்கச் சொன்னார்கள்.

ஒக்டோபர் 16, புதன்

பெரிய மீட்டிங். நிலூஷா மேடம், கச்சேரி அதிகாரி, எங்கள் தோட்டத்து மெனேஜர், எல்லோரும் ஒரே மேசையில். ஆப்பை நான் காட்ட வேண்டும்.

ஒவ்வொரு பக்கமாகக் காட்டிக்கொண்டு வந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு புதிதாகச் சேர்த்த பக்கத்தைப் போட்டேன். மேலே கொட்டை எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும்: "அமுக்கினால் என்ன நடக்கும்?" கீழே வெள்ளை. ஒன்றுமே இல்லை.

"ஏன் வெறுமையா இருக்கு?" என்று மெனேஜர் சிங்களத்தில் கேட்டார்.

"பதில் இன்னும் யாரும் தரல சேர்."

ஹபீஸ் நானா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். நிலூஷா மேடம் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். நான் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. வெடித்த சுவருக்கு முன்னால் அலுமாரி நிற்கிறது, எங்கள் வீட்டிலும் நிற்கிறது, இந்த இடத்தை நிரப்பாமல் யாரும் "ஆம்" அமுக்க மாட்டார்கள் என்று சொன்னேன். என் சிங்களத்தில் எத்தனை பிழையோ. கச்சேரி அதிகாரி மெனேஜரைப் பார்த்தார். மெனேஜர் திரையைப் பார்த்தார். தேத்தண்ணி வந்தது, யாரும் தொடவில்லை.

ஒக்டோபர் 17, வியாழன்

காலையிலேயே ஹபீஸ் நானாவின் ஏச்சு. "கஸ்டமருக்கு முன்னால கம்பெனிட மானத்தைக் கப்பலேத்திட்டீங்க! ஒங்கள வேலைக்கு எடுத்தது படம் கீறத்தான்!" பின்னேரம் வடை வாங்கி வந்து ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வேலை இருக்கிறதா இல்லையா, இந்த மனுசனிடம் எப்படித் தெரிந்துகொள்வது?

நவம்பர் 5, செவ்வாய்

பதில் வந்தது! இத்தனை நாள் இழுத்து, கடைசியில் நாலு வரி.

வெளியேறும் குடும்பத்தின் காம்பராவை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. மரக்கறித் தோட்டம் அவர்களுக்கே. தங்குவது கீழேயுள்ள பள்ளிக்கூடத்தில். புது வீட்டு லிஸ்டில் முதல் இடம் அவர்களுக்கு. மெனேஜரும் கச்சேரி அதிகாரியும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். நாளைக் காலையில் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கிற நேரம், எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார்களாம்.

ஆப்பில் முதல் பக்கமாகவே போட்டேன். குரல் பதிந்தேன். இந்தத் தரம் ஷிபான் கேலி பண்ணவில்லை.

நவம்பர் 14, வியாழன்

இன்னும் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. இரண்டு நாளாக மழை விடவில்லை. அப்பாவுக்கு எடுத்தேன்.

"பெரட்டுல வாசிச்சாங்கதானே? கேட்டீங்கதானே?"

"கேட்டேன்."

"பிறகு?"

"மத்தவங்க அமுக்கட்டும். பாப்போம்."

மத்தவங்க இவர் அமுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! கடவுளே, இந்த லயத்து ஆட்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்! நீங்க செத்துப்போனா நான் யார்கிட்ட போய்க் கத்துறது என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. சிக்னலா, அவரா, தெரியவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

மெப்பில் ஒரு சிவப்பு. எங்கள் காம்பரா.

ஓடிப்போய்ப் படிக்கட்டில் நின்று போன் எடுத்தேன். அம்மா எடுத்தார். "நான்தான்டி அமுக்கினேன். அந்த மனுசன் இன்னும் ரோசிச்சுக்கிட்டே இருக்காரு. ஒன் கொரல்ல மூணு தரம் கேட்டேன். கேட்டுட்டு அமுக்கிட்டேன்." அப்பா என்ன சொன்னார்? "என்ன சொல்றது, சட்டி பானைய மூட்டை கட்டுறாரு."

பின்னேரத்துக்குள் லயம் முழுக்கச் சிவப்பு. நிலூஷா மேடம் பதறிப்போய் எடுத்தார். "ஜினி, ஆப்ல ஏதோ பிழை, எல்லாம் சிவப்பா வருது!" பிழை இல்ல மேடம், ஆட்களை அனுப்புங்க என்றேன். அனுப்பும் வரைக்கும் விடாமல் போன் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 27, புதன்

மத்தியானம் மலை இறங்கிவிட்டது. எங்கள் லயத்தில் பாதி இல்லை. எங்கள் காம்பரா அந்தப் பாதியில்.

லயத்தில் ஒருவரும் இருக்கவில்லை. எல்லோரும் வெள்ளிக்கிழமையே பள்ளிக்கூடத்துக்கு இறங்கியிருந்தார்கள். செய்தி வந்ததும் ஷிபான் பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து என்னை உட்காரவைத்தான். ஹபீஸ் நானா தண்ணீர் கொடுத்தார்.

அம்மா போன். அழப்போகிறார் என்று நினைத்தேன், நானும் அழத் தயாராகத்தான் இருந்தேன்.

"என்னாடி ஆப் செஞ்சிருக்க? இத்தனை குடும்பத்துக்கு ரெண்டே ரெண்டு கக்கூஸ். அத எங்க அமுக்கிச் சொல்றது? பாய் ஈரம். நேத்து ராவு சோறு வேகவே இல்ல. ஒங்கப்பா கொறட்டைக்கு ஒரு ஸ்கூலே முழிச்சுக் கெடக்கு. பெரியம்மா சொல்றா, எழுத்து எறும்பு மாதிரி இருக்காம், ஒண்ணும் தெரியலையாம். எல்லாத்தையும் எழுதிக்கிட்டியா? எழுதுடி!"

எழுதிக்கிட்டிருக்கேன்மா. மெதுவாச் சொல்லுங்க.