கிற்றாரின் நான்காவது ஆணி

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ விற்றுவிட்டுப் போன பழைய ஜப்பான் கிற்றாரைக் கண்டியில் ஒருவனிடம் இருந்து திரும்ப வாங்க விலை பேசி முடித்துவிட்டேன். கொழும்பில் இருந்துகொண்டு உம்மாவின் போனை எடுக்கிறாய், என்னுடையதை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் தேடவில்லை. கடைக்கு ஜப்பான் சைக்கிள் பார்க்கும்போது இணையத்தில் அந்த மாதிரிக் கிற்றார்கள் விற்பனைக்குத் தட்டுப்பட்டன. எவனைக் கேட்டாலும் 'எழுபதுகளின் ஒரிஜினல்' என்கிறான். கழுத்துக்குப் பின்னால் உள்ள தகட்டைப் படம் எடுத்து அனுப்பு என்று ஒவ்வொருவனிடமும் கேட்டே எனக்குத் தலையிடி வந்துவிட்டது.

கண்டிக்காரன் அனுப்பினான். மூன்று ஆணியில் நட்சத்திர வெட்டு, நான்காவதில் ஒற்றை வெட்டு. சைக்கிள்களோடு கொள்கலனில் உன் கிற்றார் வந்த அன்று, ஆணி ஒன்று குறைகிறதென்று நீ முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாய். கதவுப் பிணைச்சலில் இருந்து நான் கழற்றிப் பூட்டிய ஆணி அது.

"அந்த ஆணியும் ஜப்பான்ல பூட்டினதுதான் ஹாஜியார்" என்று என்னிடமே சொல்கிறான்.

"அது கதவு ஆணி தம்பி. கழுத்தக் கழட்டிப் பூட்டின சாமான இந்த விலைக்கு ஆரு எடுப்பாங்க?" என்றேன். யாருடைய கிற்றார் என்று சொல்லியிருந்தால் விலையை ஏற்றியிருப்பான்.

வீட்டில் சத்தம் வேண்டாம் என்று அன்று நான் சொன்ன கதையை இதில் இழுக்காதே. கடை மேல்மாடியில் கிடந்த டயர்களை இறக்கிவிட்டேன். அங்கே கிற்றாருக்குக் கரண்ட் எடுக்கப் பிளக் பொயின்றும் இருக்கிறது.

பேசியது இதுதான். அறுபதாயிரம், அதில் பத்தாயிரம் முற்பணம் கொடுத்தாயிற்று. நோன்புப் பெருநாளுக்கு அவனே கல்முனைக்குக் கொண்டுவர வேண்டும். நீ வந்து, வாசித்துப் பார்த்து, ஓம் என்று சொன்னால்தான் மிச்சக் காசு.

உன் வாப்பா