நிலுஷாவின் ஒன்பது தசம் நாலு

காலை வேலைக்குப் புறப்படுமுன் அழகரத்தினம் சமையலறை மேசையில் உட்கார்ந்து மகளுக்குச் சீட்டு எழுதினார். அவள் அவரோடு பேசி மூன்று நாளாகிவிட்டது.

"நிலுஷா, பிரிட்ஜில புட்டும் மீன்குழம்பும் இருக்கு. சூடாக்கிச் சாப்பிடு. கார்த் திறப்பு அம்மாவிட்ட."

அதற்கு மேல் பேனை ஓடவில்லை. டென்மார்க்கின் உயர்தரப் பள்ளியான ஜிம்னேசியத்தில் தன் இறுதிச் சராசரி ஒன்பது தசம் நாலு என்று அவள் சொன்னபோது, அவர் புள்ளிகளைக் கூட்டிப் பாடங்களின் எண்ணிக்கையால் பிரித்துப் பார்த்தார். எட்டு தசம் எட்டுத்தான் வந்தது. மைத்துனர் குடும்பத்துக்கு முன்னால், "பொய் சொல்லியோ பல் டொக்டராகப் போறாய்?" என்று கேட்டுவிட்டார். "அப்ப நான் விண்ணப்பிக்கேல்லை" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

நேற்றுத்தான் தொழிற்சாலையில் கூட வேலைசெய்யும் பெண் விளக்கினாள். ஏ நிலைப் பாடத்தின் புள்ளியை இரண்டாலும், பி நிலையை ஒன்றரையாலும் பெருக்க வேண்டும். சி நிலை மட்டும் அப்படியே; பிறகு அந்தப் பெருக்கெண்களின் கூட்டுத்தொகையால் பிரிக்க வேண்டும்.

"நான் எல்லாத்தையும் ஒரே மாதிரி எண்ணிப்போட்டன். திரும்பக் கணக்குப் பார்த்தன், நீ சொன்னதுதான் சரி. விண்ணப்பம் இண்டைக்குப் பகல் பன்னிரண்டு மணியோட முடியுது. அனுப்பு மகள்."

அடிவிளிம்பில் பொடி எழுத்தில் நெருக்கிச் சேர்த்தார்: "உன்னைப் பொய்க்காரி எண்டு நினைச்சது எனக்கு வெக்கமாக் கிடக்கு."

பதினொன்றரைக்கு அவருடைய போனுக்குச் செய்தி வந்தது. வழக்கம்போல டேனிஷில் எழுதியிருந்தாள்: "அனுப்பிட்டேன். மாமாவுக்கும் சொல்லுங்கள்."

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு மைத்துனரை அழைத்தார். "மச்சான், அண்டைக்கு நான் சொன்னது பிழை," என்று தொடங்கினார்.